ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு

உறைபெட்டியை வெள்ளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
முப்பத்தோரு வருஷம், நூற்றுப் பன்னிரண்டு டப்பாக்கள்.
பனியைச் சுரண்டினால் என் கையெழுத்து வருகிறது:
எலி நாற்பத்தேழு, இடது ஹிப்போகாம்பஸ், மெக்னீசியம் இல்லாமல்.
சிலவற்றில் பனி மட்டுமே மிச்சம்.
அதற்கும் தேதி போட்டிருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்று, குளிர்காலம். திபிலிசியில்
மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.
வந்தால் தெரியட்டும் என்று
எல்லா வீட்டிலும் எல்லா ஸ்விட்சையும் போட்டே வைத்திருப்போம்.
ஆய்வகத்தில் நஸிப்ரோலா
ஆக்சிஜன் குழாயைக் கையில் பிடித்தபடி நிற்பாள்.
அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய மூளைச் சீவல்
கார் பாட்டரி தயவில் உயிரோடிருக்கும்.
வரைதாள் தீர்ந்து, பழைய தாளின் முதுகில்
பழைய வலிப்புகளுக்குப் பின்னால்
புதிய வலிப்பை வரைந்தோம்.

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு வந்தது.
சபுர்தாலோவில் எங்கள் ஒன்பது மாடியும்
ஒரே நொடியில் விழித்தது. அடுப்பு, ரேடியோ, மோட்டார்,
இலையுதிர்காலத்தில் செத்துப்போனவரின் சலவை இயந்திரம்கூட.
யாரோ கைதட்டினார்கள்.
நான் எண்ணினேன், பழக்கதோஷம். பதினொன்று, பன்னிரண்டு,
தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

படியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.
மெழுகுவர்த்தியோடு எட்டிப் பார்த்தவர்கள்
பசியில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.
பாடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்.
வலிப்பு இருட்டல்ல.
எல்லோரும் ஒரே நேரத்தில் சரி சரி என்பது வலிப்பு.
இருட்டு அதற்கு அப்புறம்.

மறுநாள் நாலாம் மாடி இலாரியோன்,
ஓடாத டிராமின் ஓட்டுநர்,
கதவு கதவாகத் தட்டினார்:
ஒரு வீட்டுக்கு ஒரு விளக்கு. மற்றதை அணை.
ஏசினார்கள். ஒருத்தி வாளித் தண்ணீரைக் கொட்டினாள்.
அடுத்த முறை வந்த வெளிச்சம் விடியும்வரை நின்றது.

தலைக்குள்ளும் அப்படிச் சில செல்கள் உண்டு.
எண்ணிக்கையில் கொஞ்சம். வேலை ஒன்றுதான்,
வேண்டாம் என்று சொல்வது.
அந்த வேண்டாமைச் சற்று நீட்டிக்க,
குளோரைடு வாசலை இன்னொரு கணம் திறந்து பிடிக்க,
நூற்று நான்கு என்று எண் மட்டும் உள்ள
ஒரு வெள்ளைத் தூளுக்கு
என் நாற்பதுகளையும் ஐம்பதுகளையும் கொடுத்தேன்.

ஓதார் கூரை போடுகிறவர்.
ஏணி கூடாதென்று ஆறு வருஷம் தரையில் நின்றவர்.
நூற்று நான்கு கொடுத்து நாலு மாசம், ஒருமுறைகூட விழவில்லை.
மனைவி மக்வாலா தயங்கித் தயங்கிச் சொன்னார்:
"நன்றாகத்தான் இருக்கிறார், டாக்டர்.
ஆனால் வேடிக்கையாக ஏதாவது சொன்னால்
நான் அடுத்த அறைக்குப் போன பிறகு சிரிக்கிறார்."

படிவத்தில் தலைசுற்றல் இருந்தது, குமட்டல், தடிப்பு, தூக்கம்.
'மற்றவை' என்ற கட்டத்தில் எழுதினேன்: சிரிப்பு தாமதம்.
பாஸலிலிருந்து பதில் வந்தது: விளக்கவும்.

இன்னும் விளக்கவில்லை.

அளவைப் பாதியாக்கினேன். சிரிப்பு திரும்பியது.
ஒன்பதாம் வாரம் வலிப்பும் திரும்பியது,
சமையலறைத் தரை, கடித்த உதடு.
மறுபடி கூட்டலாமா என்று கேட்டேன்.
"பாதி போதும்" என்றார் ஓதார்.
"இனிமேல் உட்கார்ந்துகொண்டு விழுகிறேன்."

நூற்று நான்கு மருந்தாகவில்லை.
மூன்று கட்டுரைகள். ஒன்றை யாரோ மேற்கோள் காட்டினார்கள்,
தப்பாக.

பிளக்கைப் பிடுங்கினேன். மோட்டார் இருமி நின்றது.
இந்த இடத்தில் காபி மெஷின் வரப்போகிறதாம்.
தரையில் பனி சொட்ட, தேதிகளின் மை கரைந்து ஓட,
ஒரு குப்பியை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன்.
விதிப்படி குற்றம்.
வாசலில் காவலர், பையில் என்ன என்றார்.
ஒரு சின்ன வேண்டாம், என்றேன்.
உடனே சிரித்துவிட்டார்.